பெண்கள் கூட்டத்தில் நானே வேதபாடம் எடுக்கணும், எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆலங்குளத்து மருமகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கூடும். பதினாலு பதினைந்து பேர் வருவோம், அதில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்பார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம். இத்தனை வருஷமும் ஐயரம்மாதான் (எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம், அவருடைய மனைவி) செய்தி கொடுப்பார்கள், நாங்கள் பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, டீ குடித்துவிட்டு வருவோம். மே மாதம் அவர்கள் மாறுதலாகிப் போய்விட்டார்கள். புதிதாக வந்திருக்கிற ஐயருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இனிமேல் ஆளுக்கொரு வாரம் என்று முறை வைத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒரு அக்கா முறை. யூடியூபில் ஒரு பிரசங்கம் கேட்டு அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து சொன்னார்கள். பாதியில் மறந்துபோய் நிற்க, பின்னாலிருந்து இன்னொருத்தி மீதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், அவளும் அதே வீடியோவைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்த அக்கா வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார்கள். இன்னும் மூணு வாரத்தில் என் முறை. எனக்கும் யூடியூபை விட்டால் வேறு வழி தெரியாது என்பதுதான் உண்மை.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். வருஷ அட்டவணை வைத்து வேதத்தை ரெண்டு தடவை முழுக்க வாசித்திருக்கிறேன். ஆனால் காலையில் என்ன வாசித்தாய் என்று மத்தியானம் கேட்டால் முழிப்பேன். கையில் இருப்பது கல்யாணத்துக்குக் கொடுத்த ஜிப் வைத்த பைபிள் ஒன்றுதான். வியாக்கியானப் புத்தகங்கள், அதாவது விளக்கவுரைகள், செட்டாக வாங்கணுமா? வேதத்தில் எந்த ஆகமத்தில், எந்தப் புத்தகத்தில் தொடங்கணும்? தப்பாக எதையாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ரிட்டயர்டு டீச்சர், பாளை:

வாம்மா. புத்தகம் எதுவும் இப்போது வாங்காதே. அந்தக் காசுக்கு நல்ல பெரிய நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கு, மீதியை வை.

பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகத்தில் ஆரம்பி. நாலே அதிகாரம், 85 வசனம், சத்தமாக வாசித்தால் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் மூணு நாள் ஒன்றும் எழுதாதே, சும்மா முழுக்க ஒரே மூச்சில் வாசி, வாயைத் திறந்து வாசி. அட்டவணைக்காக ஓட்டமாக வாசிக்கிற பழக்கம் உனக்கு இருக்கும், நமக்கெல்லாம் இருக்கிறதுதான், டிக் அடித்தால் போதும் என்கிற வாசிப்பு, அது வாய்விட்டு வாசிக்கும்போது தானாகக் குறையும். நாலாம் நாள் நோட்டை எடு. யார் பேசுகிறார்கள், யாரிடம், எங்கே நின்று, எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது, இவ்வளவுதான் எழுது. இதில் எனக்கு என்ன செய்தி என்று அதற்குள் தேடாதே. அங்கேதான் எல்லாரும் வழுக்குவது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் அதிகாரம் 21ல் ரூத்தின் மாமியார் நகோமி ஊருக்குத் திரும்பி வந்து, நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று புலம்புகிறாள். அப்புறம் 3:17ஐப் பார். ரூத் களத்திலிருந்து விடியற்காலையில் வந்து, உன் மாமியாரண்டைக்கு வெறுமையாய்ப் போகவேண்டாம் என்று சொல்லி வயல்காரர் போவாஸ் ஆறுபடி வாற்கோதுமை கொடுத்தார் என்கிறாள். வெறுமை, வெறுமை. எபிரெயுவிலும் ரெண்டு இடத்திலும் ஒரே சொல்தான். எங்கள் கூட்டத்தில் இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. ரெண்டு வாரமாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏட்டி, அந்தக் கிழவி முன்னமே இதே சொல்லைச் சொன்னாள்லா" என்றார்கள். நான் முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் ரூத் கதை சொல்லிக்கொடுத்தவள், எனக்குப் பட்டதே இல்லை. அன்றைக்குப் பேச வைத்திருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம், உன் பைபிளில் இணைவசனம் (இதோடு சேர்த்து வாசிக்க வேறு எந்த வசனம் என்று காட்டுகிற குறிப்பு) போட்டிருந்தால் அதை விடாதே. ரெண்டாம் அதிகாரத்தில் ரூத் கதிர் பொறுக்குவது வெறும் பிச்சையா, யாராவது இரக்கப்பட்டு விட்டதா? லேவியராகமம் 19:9, உபாகமம் 24:19 வாசித்துப் பார். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, மறந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் என்று சட்டமே இருக்கிறது. ரூத் பரதேசி, விதவை, ரெண்டும். போவாஸ் சட்டத்துக்கு மேலே போய், அவளுக்காக வேண்டுமென்றே அரிகளிலிருந்து கொஞ்சம் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்கிறான். கூலிக்கு வேலை செய்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் இதை வாசித்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இரு. அவர்களே பேசுவார்கள்.

மதுரைக்காரி:

டீச்சரம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர். வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். நான் பட்டவள்.

ஒரு வருஷம் எனக்கு வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் போட்டுக் கொடுக்கிற அட்டை) எரேமியா 29:11 வந்தது. எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று. அப்போது வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம், அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். வரவில்லை. சரி, இது யாருக்குத்தான் சொன்னது என்று கொஞ்சம் கோபத்தோடுதான் அந்த அதிகாரத்தை மேலேயிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம்! எகொனியா ராஜாவோடு கிமு 597ல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பினது. நம் வசனத்துக்கு நேர் மேலே, பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் முடிந்தபின்பு என்று இருக்கிறது. எழுபது! அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பியே இருக்கமாட்டார்கள்.

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போனால், 28ல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி நிற்கிறான், ரெண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். ஜனங்களுக்குப் பிடித்தது அவனுடைய செய்திதான். எரேமியாவின் கடிதம் அதற்கு மாறாக, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்கிறது. அதாவது ஒரு வருஷம் முழுக்க நான் எரேமியாவின் வசனத்தை அனனியா சொல்கிற மாதிரி வாசித்திருக்கிறேன். இது புரிந்த அன்றைக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, அப்புறம் என்னமோ மனசு லேசானது. அட்டை இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது, பக்கத்தில் பேனாவால் 4-14 என்று அந்தக் கடிதத்தின் வசனங்களை எழுதி வைத்திருக்கிறேன்.

அதனால் சிஸ்டர், வசன எண்ணைப் பார்த்து நிற்காதீர்கள். இந்த எண்ணெல்லாம் பிற்காலத்தில் போட்டது, புதிய ஏற்பாட்டில் இப்போது நாம் பார்க்கிற வசன எண் 1551ல்தான் வந்தது. பவுல் எண் போட்டு எழுதவில்லை. முன்னே பத்து வசனம் பின்னே பத்து வசனம், இதுவே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

சபை ஊழியன்:

சகோதரிகள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போதகர் இல்லாமல் தாங்களாகவே வியாக்கியானம் பண்ணப்போய்த்தான் சபைகள் உடைகின்றன. 2 பேதுரு 1:20ல் வேதத்தில் உள்ள எந்தத் தீர்க்கதரிசனமும் சுயதோற்றமான பொருளையுடையதாயிராது என்று தெளிவாக இருக்கிறது. ஐயரிடமே கேட்டு அவர் எழுதிக் கொடுக்கிறதை வாசிப்பது பாதுகாப்பு.

ரிட்டயர்டு டீச்சர், பாளை:

தம்பி, மதுரைக்காரி இப்போதுதான் சொன்னாள், பின்னே பத்து வசனம் என்று. பத்து வேண்டாம், ஒன்று போதும். 21ஐ வாசியுங்கள். தீர்க்கதரிசனம் மனுஷருடைய சித்தத்தினாலே உண்டாகவில்லை, தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள் என்று இருக்கிறது. தீர்க்கதரிசனம் எங்கிருந்து வந்தது என்பதல்லவா அங்கே பேச்சு, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யார் வாசிக்கலாம் என்பது இல்லையே.

பெரோயா பட்டணத்தாரைப் பாருங்கள். அப்போஸ்தலர் 17:11. பவுலே வந்து பிரசங்கித்தும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்கு அவர்களுக்கு நற்குணசாலிகள் என்று பெயர். அடுத்த வசனத்தில் விசுவாசித்தவர்கள் யார் யார் என்று வரும்போது ஸ்திரீகளும் அநேகர் என்றே எழுதியிருக்கிறது. இதை யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கூட்டத்திலேயே ஒருத்தி கனவையும் வசனத்தையும் கலந்து எதையோ சொல்லி ரெண்டு குடும்பம் பேசாமல் போனது. அதனால் மருமகளே, சந்தேகமான இடத்தில் "இது எனக்குத் தெரியவில்லை" என்று நோட்டில் கேள்விக்குறி போட்டு வை, மாதம் ஒரு தடவை ஐயரைக் கூப்பிட்டு அதை மட்டும் கேளுங்கள். கல்யாணம் ஆகாத பிள்ளை, அவருக்கும் ஒரு டீ கிடைத்த மாதிரி இருக்கும்.

தூத்துக்குடி அன்பியம்:

நான் கத்தோலிக்கம், நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற சின்னக் குழு) ரெண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்போம், இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் 1871ல் வந்த, பவர் ஐயர் என்ற மிஷனரியின் மொழிபெயர்ப்பை ஒட்டினது, அதில் சில சொல்லுக்கு இன்றைக்குப் பொருளே மாறிவிட்டது. 23ஆம் சங்கீதம் எல்லாருக்கும் மனப்பாடம், "நான் தாழ்ச்சியடையேன்". இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். என் பக்கத்து வீட்டு சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) தோழி, யாருக்கும் தாழ்ந்து போகமாட்டேன், அவமானப்படமாட்டேன் என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தாளாம். எங்கள் திருவிவிலியத்தில், 1995ல் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று ரெண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு அது, "எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கும். தாழ்ச்சி என்றால் அங்கே குறைவு, இல்லாமை. அவ்வளவுதான் விஷயம். சொல் வேறாக இருக்கிற இடத்தில் நின்று ஏன் என்று கேட்டாலே பாதிப் பாடம் ஆகிவிடும். போனில் இலவச ஆப்களிலேயே வேறு தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கும், காசு கொடுக்க வேண்டாம். பின்னால் எப்போதாவது வாங்குவதென்றால் ஒரு ஒத்துவாக்கிய அகராதி வாங்குங்கள், ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கலாம். வியாக்கியானம் அதற்கும் அப்புறம்.

ஆலங்குளத்து மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று என் முறை முடிந்தது. ரூத் ரெண்டு அதிகாரம்தான் போக முடிந்தது. கரண்ட் வேறு இல்லை, ஃபேன் ஓடாததால் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம்.

நான் பிரசங்கமே பண்ணவில்லை. ஆளுக்கு அஞ்சு வசனம் வாசிக்க வைத்தேன், வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்லிக்கொடுத்து அவர்கள் திரும்பச் சொன்னார்கள். அந்த சிந்தவிடுங்கள் என்கிற இடம் வந்ததும், டீச்சரம்மா சொன்ன மாதிரி சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு அக்கா, "எங்க கடையில இலையை எடை போட்டுக் கொடுத்துட்டு, கட்டு கொண்டுபோனா கழிவுன்னு நாலைத் தூக்கிப் போடுவான், இந்த ஆளு வேணும்னே கீழ போடச் சொல்றாரா" என்றார்கள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் நிறுத்த முடியவில்லை. யூடியூப் அக்காதான் அதிகமாகப் பேசினார்கள். ரூத் தான் சாப்பிட்டு மீதி வைத்ததை மாமியாருக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறாள் இல்லையா, 2:18, அதை அவர்கள்தான் காட்டினார்கள். பந்தியில் வடையைக் கைக்குட்டையில் மடித்து வைப்போமே, அது மாதிரி என்றார்கள்.

ரெண்டு கேள்வி நோட்டில் நிற்கிறது. ஒன்று, ரூத் பொறுக்கினது ஒரு மரக்கால் என்று இருக்கிறது. எங்களுக்குள் மரக்கால் எத்தனை படி என்றே சண்டை. இன்னொன்று, அடுத்த வாரம் மூணாம் அதிகாரம், ராத்திரியில் களத்துக்குப் போகிற சமாச்சாரம். வயசுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அதை எப்படிச் சொல்வது?

ரிட்டயர்டு டீச்சர், பாளை:

மரக்கால் ஊருக்கு ஊர் மாறும், அந்தச் சண்டை தீராது. எபிரெயுவில் அது எப்பா, ஏறக்குறைய 20 லிட்டருக்கு மேலே வரும் என்கிறார்கள். ஒருத்தி ஒரு நாளில் பொறுக்கி, தட்டி, தூக்கிக்கொண்டு போனது. நீ ஒரு நாள் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை வாசி. தானியம் தண்ணீரைவிட லேசுதான், இருந்தாலும்.

மூணாம் அதிகாரத்துக்கு முன்னுரை எதுவும் வேண்டாம், இருக்கிறபடி வாசி. ஏழாம் வசனத்தில் போவாஸ் அம்பாரத்து அடியிலே, அதாவது தானியக் குவியல் பக்கத்திலே, வந்து படுத்தான் என்று வரும். அங்கே நிறுத்தி, அறுப்புக் காலத்தில் களத்தில் காவலுக்கு ஆள் படுத்த வீட்டுப் பெண்கள் யாராவது இருந்தால் அவர்களைப் பேசவிடு. அம்பாரம் எப்படி இருக்கும், ராத்திரி அங்கே யார் யார் இருப்பார்கள், யாராவது வந்தால் எப்படித் தெரியும் என்று அவர்கள் சொல்லி முடித்த பிறகு எட்டாம் வசனத்துக்குப் போ. தெர்மாஸில் டீ கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு போ, நேரமாகும்.