மறு: ‘குளிரூட்டல்’ போதுமா? வித்துக்கு ஒரு சொல் தேவை

அன்புள்ள நண்பர்களுக்கு, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வணக்கம். வித்தை முளைக்கத் தூண்டுவதற்காக நடுமுன் சில வாரம் ஈரக் குளிரில் வைக்கும் முறையை ஆங்கிலத்தில் stratification என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் பேச்சு.

> குளிரூட்டல் என்றே போடலாமே. எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கியதால்தான் வினையே வந்தது. டொரொண்டோவில் இருக்கும் அக்காவுக்காகக் கொலம்பைன் பூ வித்து நடும் முறையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘நடுவதற்கு முன் நான்கு வாரம் குளிரூட்டவும்’ என்று நான் எழுத, அவர் கடைப் பையைப் பிரிக்காமலே பிரிட்ஜில் வைத்துவிட்டார். நான்கு வாரம் கழித்து எடுத்துத் தூவினார். ஒரு தட்டில் இரண்டே இரண்டு முளைத்தன. “நீ எழுதினபடிதானே செய்தனான்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வித்து முதலில் நீரை உறிஞ்ச வேண்டும். நனைந்த வித்தில்தான் குளிர் வேலை செய்யும். உலர்ந்த வித்துக்கு பிரிட்ஜ் வெறும் களஞ்சியம். ஆகவே நாம் தேடும் சொல்லில் குளிர் இருக்கிறதோ இல்லையோ, ஈரம் இருக்க வேண்டும். என் கட்சி இவ்வளவுதான்.

> ஆங்கிலச் சொல்லின் வேர் ‘படை’. நம் பாடநூல்களில் ஓசோன் படை என்கிறோம். ‘குளிர்ப்படையிடல்’ பொருந்தும்.

வேர் சரி. அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் ஈர மணல் ஒரு படை, வித்து ஒரு படை என்று அடுக்கிக் குளிர்காலம் முழுக்க வைத்திருப்பார்கள். இப்போது ஈரத்தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டாலும் அதே பெயர்தான். படையே இல்லாத வேலைக்குப் படையை இழுப்பானேன்? அதோடு குளிர்ப்படையை யாராவது இராணுவப் பிரிவென்று நினைத்துவிட்டால்?

> குளிர்த்துயில்?

கேட்க அழகாக இருக்கிறது, பொருள்தான் தலைகீழ். கொலம்பைன் வித்துக்குள்ளே முளையம் மிகச் சிறியது, முழுதாக வளராதது. வித்து முளைக்குமுன் அது உள்ளேயே வளர்ந்தாக வேண்டும். நாம் செய்வது துயில் கலைக்கும் வேலை.

தமிழ்நாட்டு நண்பர் சொன்ன ‘தட்பப்பதனம்’ நல்ல சொல், ஆனால் அங்கே பாடநூலில் அது பூப்பதற்கான குளிரைக் குறிக்கிறது. கொலம்பைனுக்கு அதுவும் வேண்டும்! இந்த வருடம் முளைத்த செடி ஒரு குளிர்காலத்தைக் கண்டபிறகு, பெரும்பாலும் அடுத்த வருடம்தான் பூக்கும். ஒரே கட்டுரையில் இரண்டும் வரும் என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

எனக்கு முதலில் மனதில் வந்தது ஊர்ப் பனம்பாத்திதான். பனங்கொட்டைகளை நெருக்கி அடுக்கி மண் போட்டு மூடுவதைப் பார்த்தவர்களுக்கு ‘குளிர்ப்பாத்தி’ என்றால் படம் உடனே தெரியும். ஆனால் பாத்தியில் போட்டது அங்கேயே முளைத்துக் கிழங்காகும். நம்முடைய வித்து முளைக்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். மனமில்லாமல்தான் அதை விட்டேன்.

இப்போது என் முன்மொழிவு: ‘ஈரக்கிடை’. ஈரத்தில் குறித்த காலம் கிடத்தல். குளிரில் என்றால் குளிர் ஈரக்கிடை. சில வித்துகளுக்கு முதலில் ஈரமான வெதுவெதுப்பு வேண்டும், அதை வெப்ப ஈரக்கிடை என்று சொல்லிவிடலாம். அடிச்சொல்லிலேயே ஈரம் இருப்பதால் யாரும் பையைப் பிரிக்காமல் வைக்க மாட்டார்கள்.

---

> தம்பி, கிடை என்றால் எங்கள் பக்கம் நோயாளி பாயோடு கிடப்பது. வித்துக்கு அந்தப் பெயர் வேண்டாமே.

டீச்சர், அந்த நெருடல் எனக்கும் இருந்தது. ஆனால் ஆட்டுக்கிடையும் கிடைதானே? இரவு வயலில் கிடந்த ஆடு காலையில் எழுந்து போய்விடுகிறது. இந்தக் கிடை அந்த வகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சொல்லை வசனத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். திருத்திய பகுதி இதோ:

‘இலையுதிர் காலத்தில் தோட்டத்திலேயே தூவினால் பனிக்காலமே குளிர் ஈரக்கிடையாகிவிடும். வீட்டுக்குள் தொடங்குவதானால் வித்தை ஈர மணலிலோ ஈரத்தாளிலோ கலந்து, பையில் இட்டு, பிரிட்ஜில் சுமார் 4 பாகை செல்சியஸில் மூன்று நான்கு வாரம் ஈரக்கிடையில் வைக்கவும். உறைபெட்டியில் வேண்டாம். இடையிடையே பூஞ்சணம் பார்க்கவும். பிறகு ஈர மண்ணின் மேலே தூவி மெல்ல அழுத்தவும். முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மண் போட்டு மூட வேண்டாம். 18 முதல் 21 பாகை வரை இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் முளை தெரியும்.’

கொழும்பில் இதைச் செய்து பார்க்க ஆசைதான். பிரிட்ஜ் குளிரைத் தந்துவிடும், அப்புறம் வருடம் முழுக்க 27, 28 பாகை வெக்கையில் அந்தச் செடி என்ன செய்யும்? குளிரான மலைநாட்டு நுவரெலியாவில் காணி உள்ளவர்கள் யாராவது முயன்று எழுதுங்கள்.

திருத்திய பகுதியை நேற்று அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “ஈரம் எண்டால் எவ்வளவு ஈரம்?” ‘பிழிந்த துணியளவு’ என்று சேர்த்துவிட்டேன்.