விர்ச்சுவல்பாக்ஸ்: மூன்று விஎம்-களிலும் நெட் வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று பேசவில்லை. உதவி தேவை

தறி64:
வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 போட்டு, உபுண்டு சர்வர் 22.04-இல் மூன்று விஎம் (விர்ச்சுவல் மெஷின், லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) வைத்திருக்கிறேன். கே3எஸ் (பல கணினிகளை ஒன்றுசேர்த்து செயலிகளை ஓட்டும் குபெர்னெட்டிஸின் சிறிய வடிவம்) பழகுவதற்குத்தான், ஒன்று மாஸ்டர் (கட்டுப்படுத்துவது), மற்ற இரண்டும் வொர்க்கர் (வேலை செய்பவை). முதலாவதை நிறுவிவிட்டு அதையே குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து) மற்ற இரண்டையும் எடுத்தேன். நெட் என்பது விடுதி வைஃபை, ஒரு லாகினுக்கு ஒரு சாதனம்தான் விடுவார்கள்.

நாட்-டில் (விஎம் லேப்டாப்பின் பின்னால் இருந்து அதன் வழியாகவே நெட்டுக்குப் போகும் முறை) வைத்தால் மூன்றிலும் அப்டேட் இறங்குகிறது. ஆனால் ஐபி பார்த்தால் மூன்றிலும் 10.0.2.15! வொர்க்கரிலிருந்து மாஸ்டரின் 6443 போர்ட்டைத் (கே3எஸ் மாஸ்டர் பயன்படுத்துவது) தொட்டால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறது. பிரிட்ஜுக்கு (விஎம் தனிச் சாதனமாக நேரடியாக வைஃபையில் சேரும் முறை) மாற்றினால் ஐபியே கிடைப்பதில்லை. இரண்டும் வேண்டும், நெட்டும் வேண்டும், விஎம்-கள் தங்களுக்குள் பேசவும் வேண்டும். என்ன செய்வது?

வேர்ச்சொல்:
பிரிட்ஜை விட்டுவிடுங்கள். வைஃபை கார்டு வழியாக வெளியே போகும் எல்லாமே அந்தக் கார்டின் மேக் முகவரியில்தான் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) போயாக வேண்டும், அதனால் விஎம்-இன் மேக்கை விர்ச்சுவல்பாக்ஸ் மாற்றி அனுப்பும். வீட்டு ரவுட்டரில் பெரும்பாலும் இது ஓடிவிடும். ஒரு சாதனத்துக்கு ஒரு ஐபி என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் இடத்தில் ஓடாது.

ஆலமரம்_சிஸ்அட்மின்:
மூன்றிலும் 10.0.2.15 வருவது பழுது இல்லை தறி, சாதாரண நாட் அப்படித்தான். ஒவ்வொரு விஎம்-க்கும் தனியாக ஒரு குட்டி ரவுட்டர் கொடுத்து, வாசல் 10.0.2.2, உங்கள் முகவரி 10.0.2.15 என்று வைத்துவிடும். தெருவுக்குத் தெரு 15-ஆம் எண் வீடு இருப்பது மாதிரி. வொர்க்கர் 10.0.2.15-ஐக் கூப்பிட்டபோது அது தன்னையேதான் கூப்பிட்டுக்கொண்டது, தன்னிடம் 6443-இல் எதுவும் ஓடாததால்தான் ரெஃப்யூஸ்டு வந்தது.

உங்களுக்கு வேண்டியது 'நாட் நெட்வொர்க்', பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இது வேறு. ஃபைல் மெனு, டூல்ஸ், நெட்வொர்க் மேனேஜர் போய் நாட் நெட்வொர்க்ஸ் தாவலில் புதிதாக ஒன்று உருவாக்கி, முகவரி 10.0.10.0/24 கொடுங்கள். டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் சேவை) டிக் இருக்கட்டும். பிறகு மூன்று விஎம்-களின் அடாப்டர் 1-லும் அதையே தேர்ந்தெடுங்கள். மூன்றும் ஒரே குட்டி ரவுட்டருக்குப் பின்னால் வந்துவிடும், விடுதி வைஃபைக்குத் தெரிவது உங்கள் லேப்டாப் மட்டும்தான்.

தறி64:
அண்ணா, செய்து பார்த்தேன், நெட் வருகிறது. ஆனால் இப்போது மூன்றுக்கும் 10.0.10.4! மேக் முகவரிகள் வேறு வேறாகத்தான் இருக்கின்றன, குளோன் செய்யும்போதே புதிதாக உருவாக்கச் சொல்லியிருந்தேன்.

லினக்ஸ்தோழி:
குளோன்தான் காரணம், இது நிறைய பேருக்கு வருவது. உபுண்டு சர்வர் டிஎச்சிபி-யிடம் ஐபி கேட்கும்போது மேக்கைக் காட்டி அடையாளம் சொல்வதில்லை, ஈடிசி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து (/etc/machine-id) எடுத்த அடையாளத்தைச் சொல்கிறது. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிட்டது, அதனால் டிஎச்சிபி-க்கு மூன்றும் ஒரே ஆள். வொர்க்கர் இரண்டிலும் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு அந்தக் கோப்பைக் காலி செய்யுங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்தால் போதும். ரீபூட் செய்தால் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும்.

அப்படியே ஹோஸ்ட்நேமையும் (கணினியின் பெயர்) மாற்றிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு நோட் (கே3எஸ்-இல் சேரும் கணினி) வந்தால் கே3எஸ் சேர்த்துக்கொள்ளாது, அங்கே போய் மறுபடி மண்டை காய வேண்டாம்.

தறி64:
நன்றி அக்கா, வந்துவிட்டது! மூன்றுக்கும் தனித்தனி ஐபி, பிங்கும் போகிறது. ஒரே ஒரு சந்தேகம். விண்டோஸிலிருந்து எஸ்எஸ்எச் (வேறு கணினியில் நெட்வொர்க் வழியாக உள்நுழைவது) போகவில்லையே?

ஆலமரம்_சிஸ்அட்மின்:
போகாது, நாட் நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து நுழைய வேண்டுமானால் கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும். அதே நெட்வொர்க் மேனேஜரில் போர்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது. ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் 2201 என்று கொடுத்து, கெஸ்ட் (விஎம்) பக்கம் மாஸ்டரின் ஐபி, போர்ட் 22 கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் 2202, 2203. அப்புறம் விண்டோஸில் லோக்கல்ஹோஸ்டுக்கு அந்தந்த போர்ட்டில் எஸ்எஸ்எச் போங்கள்.

ஆனால் இந்த விதியில் ஐபி எழுதிவைப்பதால் டிஎச்சிபி நாளைக்கு வேறு ஐபி கொடுத்தால் இது வேலை செய்யாது, மாஸ்டரின் ஐபி மாறினால் வொர்க்கர்களுக்கும் மாஸ்டர் எங்கே என்று தெரியாமல் போகும். அதனால் நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) 10.0.10.11, 12, 13 என்று நிலையாக வைத்து, கேட்வே (வாசல்) 10.0.10.1 கொடுத்து, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) முகவரியையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். அது இல்லையென்றால் 8.8.8.8-க்குப் பிங் போகும், எந்தத் தளமும் பெயரில் திறக்காது. இதையெல்லாம் முடித்துவிட்டு கே3எஸ் நிறுவுங்கள்.