பெரிய வீடு குழு: சர்வரில் இன்றிரவு கை வைக்கலாமா?

கதிர்: சித்தப்பா, கடை பில்லிங் சர்வர் இன்னும் உபுண்டு என்ற இயங்குதளத்தின் 20.04 பதிப்பில்தான் ஓடுகிறது. அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கடை மூடியதும் வீட்டிலிருந்தே 24.04-க்கு மாற்றிவிடட்டுமா?

சித்தப்பா: இன்று வேண்டாம்டா. நேராக 24.04 போகாது. முதலில் 22.04, அப்புறம்தான் அது. இரண்டு ரீபூட். பெட்டி இருப்பது மும்பையில், எழுந்து வரவில்லை என்றால் என்ன செய்வாய்?

அப்பா: நாளை முகூர்த்த நாள். காலை 9 மணிக்குக் கூட்டம் வந்துவிடும்.

கதிர்: ஸ்னாப்ஷாட், அதாவது சர்வரின் இப்போதைய நிலையின் நகல், எடுத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

சித்தப்பா: எடு, ஆனால் அதிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பார்த்திருக்கிறாயா? 2022-ல் நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். இரவு 11 மணிக்கு, பாதி அப்கிரேடில், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புக் கோப்பைப் பழையபடி வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று திரையில் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் புதியதைப் போடச் சொல்லிவிட்டேன். நாங்கள் எஸ்எஸ்ஹெச் நுழையும் வாசல் எண்ணை, அதாவது போர்ட்டை, 2222 என்று மாற்றி வைத்திருந்தோம், அது போய் மறுபடி 22 ஆகிவிட்டது, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலில் 22 மூடியிருந்தது. ரீபூட் கொடுத்த பிறகு உள்ளே போக வழியே இல்லை. விடிந்து டேட்டா சென்டரில் ஆள் வந்து கீபோர்டு செருகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

கதிர்: அப்கிரேட் ஓடும்போது 1022 போர்ட்டில் எஸ்எஸ்ஹெச்சுக்கு இன்னொரு வழி திறக்குமே?

சித்தப்பா: திறக்கும். ஆனால் ஃபயர்வாலில் அதை நீதான் திறந்துவிட வேண்டும். அதுவும் அப்கிரேட் ஓடும் வரைதான், ரீபூட்டுக்குப் பிறகு இருக்காது.

அப்பா: ஓடுகிறதை ஓடவிட்டால் என்ன?

சித்தப்பா: இணையத்தைப் பார்த்து நிற்கிற சர்வர் அண்ணா, திருத்தம் வராமல் அப்படியே விடக் கூடாது. உபுண்டு ப்ரோ என்ற கூடுதல் ஆதரவுத் திட்டம் 5 கணினி வரை இலவசம். கதிர், இன்று அதை மட்டும் இணைத்துவிடு, 2030 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். நிதானமாகப் பக்கத்தில் புதிதாக ஒரு 24.04 சர்வர் எடு, டேட்டாபேஸை அங்கே ஏற்று, பில் போட்டுப் பார். பில்லிங் எழுதப்பட்ட பிஹெச்பி மொழி 7.4-லிருந்து 8.3-க்குத் தாவுகிறது, நம்முடையது பழைய புரோகிராம், எங்காவது உடையும். எல்லாம் சரியானதும் சர்வர் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸைப் புதியதற்கு மாற்று, பழையதை ஒரு மாதம் அணைக்காமல் வை.

கதிர்: சரி. எஸ்எஸ்ஹெச் போனாலும் சர்வரின் திரையைக் காட்டும் கன்சோலை இப்போது திறந்து பார்த்தேன், பாஸ்வேர்டு கேட்கிறது. நான் எப்போதும் எஸ்எஸ்ஹெச்சில் கீ என்ற சாவிக் கோப்பு வைத்துத்தான் போவேன், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

சித்தப்பா: எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே இருக்கும்போதே ஒரு பாஸ்வேர்டு வை. வைத்துவிட்டுக் கன்சோலில் நுழைந்து பார்.

கதிர்: நுழைந்துவிட்டேன். ப்ரோவும் இணைத்தாயிற்று.