பவுடர் கோட்டிங்கில் கொப்புளம்: அப்பாவின் டாடா 207 உதிரிகளுக்கு உதவி தேவை

களக்காட்டுத் தம்பி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 90களில் வாங்கிய டாடா 207 பிக்கப்பைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிப் பல வருடம் ஓடிய வண்டி. அப்புறம் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றினோம். எங்கள் படிப்பும் அக்கா கல்யாணமும் இந்த வண்டி வாடகையில்தான் நடந்தன. பழைய இரும்புக்குப் போட வீட்டில் யாருக்கும் மனமில்லை.

பம்பர், ஸ்டெப்னி தாங்கி, பேட்டரி தட்டு, வீல் டிஸ்க்குகள், இன்ஜின் மேல் உள்ள வார்ப்பு அலுமினிய மூடி எல்லாவற்றையும் ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங்குக்குக் (வண்ணப் பொடியைத் தூவி அடுப்பில் வேகவைத்துப் படலமாக்குவது) கொடுத்தேன். வாங்கும்போது பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் பம்பரின் உள்பக்கத்திலும் ஸ்டெப்னி தாங்கியிலும் மிளகு அளவுக்குக் கொப்புளம். பிளேடால் ஒன்றைத் திறந்தேன். அடியில் ஈரமாகக் கருப்புத் துரு. முன்பு துரு அரித்துக் குழி விழுந்த இடங்களில்தான் இது வருகிறது, வழவழப்பான இடங்களில் இல்லை. அலுமினிய மூடியில் வேறு விதம்: ஊசியால் குத்தியது போலத் துளைகள், அது வாங்கிய அன்றே இருந்தது.

பட்டறையில் கேட்டால் மழையில் நிறுத்தியதால் வந்தது என்கிறார்கள். மேலேயே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா? பின்கதவை இனிமேல்தான் கொடுக்க வேண்டும். அதில் அப்பா தன் கையால் எழுதிய ஊர்ப்பெயர் இருக்கிறது.

பேட்டை அண்ணாச்சி

தம்பி, மேலே இன்னொரு கோட் அடிக்கவே அடிக்காதீர்கள். உப்பு மூட்டை ஏற்றிய வண்டி என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதி பதில் இருக்கிறது.

துருக்குழியின் அடியில் உப்பு ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பவுடர் படலம் எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் நீராவி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அடியில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீர் சேரச் சேரப் படலம் மேலே எழும்பும், உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிடும். நீங்கள் கண்ட கருப்புத் துரு காற்றோட்டம் இல்லாத இடத்தில் உருவாவது. மழை ஈரத்தைத்தான் கொடுத்தது, வினை அதற்கு முன்பே உள்ளே இருந்தது.

சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணலை அடித்துத் துரு எடுப்பது, செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தாலும் போதாது, ஏனென்றால் வெறும் பிளாஸ்டிங் குழிக்குள் இருக்கும் உப்பை முழுதாக எடுக்காது. அமிலத் தொட்டியில் முக்கி எடுத்துப் போர் தண்ணீரில் அலசியிருந்தால் இன்னும் மோசம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அலசும் தண்ணீரே உப்பைப் பூசிவிட்டுப் போகும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீராவது வேண்டும்.

நான் செய்யும் முறை இது. பழைய கோட்டிங்கை பெயின்ட் ரிமூவர் போட்டு எடுங்கள், திறந்த வெளியில், கையுறையோடு. அந்த ஆவி மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். கேஸ் டார்ச்சால் எரிக்க வேண்டாம், தகடு நெளியும், புகையும் கெடுதல். பிறகு ஆர்ஓ தண்ணீரைப் பிரஷரில் அடித்துக் கழுவிக் காயவைத்து பிளாஸ்டிங். ஆற்று மணலை விட்டுவிட்டு கார்னெட் கேளுங்கள். உவரிப் பக்கம் கடற்கரையில் செந்நிறமாக மின்னுவது அந்தக் கனிமம்தான். சிலிகா மணல் தூசி பிளாஸ்டிங் அடிப்பவரின் நுரையீரலைத் தின்னும், அதையும் நாம் யோசிக்க வேண்டும்.

அடித்து முடித்த உதிரியை உடனே கோட்டிங்குக்கு அனுப்பாமல் ஈரக்காற்றில் ஓர் இரவு வையுங்கள். உப்பு மிச்சம் இருக்கும் குழிகள் மட்டும் காலையில் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி கழுவி, மறுபடி பிளாஸ்டிங். கருப்பு வருவது நிற்கும் வரைக்கும் விடாதீர்கள். கடைசி பிளாஸ்டிங் முடிந்ததும் மட்டும் தாமதம் கூடாது, சில மணி நேரத்துக்குள் பவுடர் ஏற வேண்டும்.

அதன்மேல் ஜிங்க் கலந்த எபாக்ஸி பிரைமர் பவுடர், பிறகு பாலியஸ்டர் பவுடர். எபாக்ஸியை மட்டும் மேல் கோட்டாக விட்டால் நம் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். பிரைமரை முழுதாக வேகவிடாமல் அரைவேக்காட்டில் எடுத்து மேல் கோட் அடித்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பிடிக்கும். மேல் கோட்டுக்கு இரும்பே 180 முதல் 200 டிகிரி சூட்டுக்கு வந்த பிறகு 10 முதல் 15 நிமிடம். அடுப்பின் மீட்டர் காட்டுவது காற்றின் சூடு, கனமான பம்பர் அந்தச் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும்.

அலுமினிய மூடி தனிக் கதை. வார்ப்பின் நுண்துளைகளில் எண்ணெயும் காற்றும் அடைபட்டிருக்கும். அடுப்பில் சூடேறும்போது உருகிய பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் நன்றாகப் போகக் கழுவி, பவுடர் போடாமல் வெறும் மூடியை 220 டிகிரி வாக்கில் ஒருமுறை சுட்டு எடுக்கச் சொல்லுங்கள். வரவேண்டியதெல்லாம் அப்போதே வந்துவிடும். கேஸ்கெட் உட்காரும் முகத்தையும் மரைகளையும் மூடி அடிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

பாளை வேதியியல் ஆசிரியர்

ஓர் இரவு காத்திருந்து பார்ப்பது நல்ல சோதனை. கூடவே இதையும் செய்து பார்க்கலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்துக் கழுவிய உதிரியின் குழிகளில் ஒற்றி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிழியுங்கள். அதில் சில சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல். பால் போலக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது என்று அர்த்தம். உதிரியில் படாத பஞ்சையும் அதே தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். கையுறை கட்டாயம். நம் வியர்வையிலும் உப்பு உண்டு, அதுவே பொய்யான முடிவைக் காட்டும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்த கறை சில நாள் போகாது.

ஆலங்குளம் டிங்கர்

கொப்புளத்தைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார். எனக்குக் கவலை வீல் டிஸ்க்கில்தான். தம்பி, அந்த டிஸ்க்கை மாட்டி வண்டியை நகர்த்தினீர்களா? நட்டு உட்காரும் குழியிலும், டிஸ்க் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் பவுடர் இருந்தால் கழற்றிச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இறுக்கும்போது நட்டு கெட்டியாக இருப்பது போலத்தான் தெரியும். ஓட ஓட நடுவில் இருக்கும் அந்தப் படலம் நசுங்கி இடம் விடும், நட்டு தானாக லூசாகும். பாரம் ஏற்றும் வண்டியில் இது உயிர் விஷயம். சுத்தம் செய்து மாட்டிய பிறகும் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பின்கதவை அடுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. இரட்டைத் தகடு, மடிப்புக்குள் பழைய கிரீஸும் துருவும் இருக்கும். சூட்டில் உருகி வழிந்து கோட்டிங்கைக் கெடுக்கும். பள்ளம் நிரப்பப் பூசிய பழைய பட்டி எங்காவது இருந்தால் அந்தச் சூட்டுக்கு அது நிற்காது. மெல்லிய தகட்டில் பிளாஸ்டிங் அடித்தாலே வளையும். கையால் துரு எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் போதும். மடிப்புக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றுங்கள்.

அப்பாவின் எழுத்து நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடாமல், சுற்றிலும் டேப் ஒட்டி மற்ற இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாம். பழைய நிறமும் புது நிறமும் சேரும் கோடு தெரியும்தான், தெரியட்டும். எழுத்தின் அடியிலேயே துரு இருந்தால், முதலில் நேராக நின்று போட்டோ எடுங்கள், டிரேசிங் பேப்பரில் அளவு மாறாமல் எடுத்து வையுங்கள். பிறகு எழுத்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்து அப்படியே எழுதித் தருவார்.

சேசிஸையும் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் எண் அடித்த இடத்தைக் கட்டாயம் மூடச் சொல்லுங்கள். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

களக்காட்டுத் தம்பி

அண்ணாச்சி, சார், எல்லாருக்கும் மிக்க நன்றி. வீல் டிஸ்க் இன்னும் மாட்டவில்லை, நட்டுக் குழியில் பவுடர் தடிமனாக இருக்கிறது. இன்றே சுரண்ட ஆரம்பித்துவிட்டேன். பட்டறையில் விசாரித்தேன். பிளாஸ்டிங் இல்லை, அமிலத் தொட்டிதான், அலசியது போர் தண்ணீரில். சார் சொன்ன சோதனையை ஸ்டெப்னி தாங்கியில் செய்தேன். உதிரியில் ஒற்றிய தண்ணீர் பாலாகக் கலங்கியது, சும்மா நனைத்த பஞ்சின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பம்பரும் தாங்கியும் முதலிலிருந்து தொடங்குகின்றன. பின்கதவு எழுத்தின் அடியில் துரு இல்லை, டேப் ஒட்டி அப்படியே விடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளையும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கலாமா?

பேட்டை அண்ணாச்சி

வேண்டாம் தம்பி. 200 டிகிரி சூடு பட்டையின் பதத்தைக் கெடுக்காது, ஆனால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஓடுபவை, கோட்டிங் பிய்ந்து இடுக்கில் ஈரம் தங்கும். அமிலத் தொட்டியை மட்டும் பட்டைக்குக் காட்டவே கூடாது. அந்த வகை எஃகு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வரும், பாரத்தோடு போகும்போது ஒடியும். பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உரசும் முகத்தில் கிராஃபைட் கிரீஸ், வெளியே சாதாரண கருப்பு பெயின்ட். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் பழையதைப் போடாதீர்கள், புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.