ஒரு பணிப்பட்டியல், இரண்டு எசமானர்கள்: யார் சொல்வதைக் கேட்பது?

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஆறு பேர் கொண்ட மென்பொருள் குழுவில் வேலை செய்கிறேன். ரொறன்ரோ வாடிக்கையாளர் ஒருவருக்காக, மளிகைக் கடைகளுக்கான கணக்கு மென்பொருளை ஐந்து மாதமாக ஸ்க்ரம் முறையில் (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) உருவாக்குகிறோம். ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று, இரண்டு வாரம்.

எந்த வேலை முதலில் என்று முடிவு செய்ய வேண்டிய புரொடக்ட் ஓனர் என்று பெயருக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் அவருடைய பங்குதாரரும் எங்களுக்கு நேரடியாக வேலை அனுப்புகிறார். கடந்த செவ்வாய் மாலை ஆறரை மணிக்கு (அங்கே காலை ஒன்பது) "வரிக் கணக்கை முதலில் முடியுங்கள்" என்று ஓனர் எழுதினார். பத்து நிமிடத்தில் பங்குதாரர், "ரசீதில் இலச்சினை வலப்பக்கம் வரட்டும், அவசரம்" என்றார். இலச்சினைதான் வென்றது! கடைசி மூன்று ஸ்பிரிண்டிலும் திட்டமிட்டதில் பாதியைக்கூட நாங்கள் முடிக்கவில்லை.

பணிப்பட்டியல் இருக்கும் ஜிரா மென்பொருளில் பங்குதாரரின் திருத்தும் உரிமையை நீக்கினோம். வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டார். புரொடக்ட் ஓனர் ஒரே ஆள், குழு அல்ல என்று 2020 ஸ்க்ரம் வழிகாட்டி சொல்லும் பகுதியை அனுப்பினோம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஸ்க்ரம் முறையைக் குழு சரியாகப் பின்பற்ற உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், ஓனரிடம் தனியே பேசினார். "அவரும் பணம் போட்டிருக்கிறாரே" என்று ஓனர் கைவிரித்துவிட்டார்.

வாடிக்கையாளரை இழக்காமல், பங்குதாரரின் கோரிக்கைகள் புரொடக்ட் ஓனர் வழியாக மட்டுமே வருவதற்கு உங்கள் குழுவில் எது பலித்தது?