ஒளிரும் திரவத்தில் பதிவானது சூரிய நியூத்திரினோ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கல்லடி மாணவி:
உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். நியூத்திரினோ என்பது எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் மிகச்சிறு துணிக்கை. யப்பானின் சுப்பர் கமியோகண்டே நீர்த்தொட்டியில், அது மோதிய இலத்திரன் ஓடும் திசையை ஒட்டியே செரன்கோவ் ஒளி (நீரில் ஒளியைவிட விரைவாக ஓடும் மின்னேற்றத் துணிக்கை தரும் ஒளி) கூம்பாக விழுவதால், நியூத்திரினோ சூரியனிலிருந்து வந்ததை அறியலாம். துணிக்கை மோதும்போது மினுங்கும் சிந்திலேற்றர் திரவமோ எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக ஒளிர்கிறது. அவ்வாறெனில், அத்திரவத்தைப் பயன்படுத்திய இத்தாலியின் நிலத்தடிப் பரிசோதனையான பொரெக்சினோவின் ஆய்வாளர்கள் அதனை எவ்வாறு உறுதிப்படுத்தினார்கள்?

வந்தாறுமூலை வாசி:
தங்கச்சி, அவர்கள் நம்பியது திசையை அல்ல, சக்தியை. சிந்திலேற்றர் செரன்கோவைவிடப் பல மடங்கு ஒளி தருவதால், நீர்த்தொட்டிக்கு எட்டாத சிறிய மோதல்களும் அதில் பதிவாகின்றன. சூரியனில் பெரிலியம்-7 அணுக்கரு மாறும்போது பிறக்கும் நியூத்திரினோக்களில் பெரும்பாலானவை 862 கிலோ இலத்திரன்வோல்ற்று என்ற ஒரே சக்தியுடன் வருகின்றன. அவை இலத்திரனுக்குக் கொடுக்கக்கூடிய உச்சம் 665 என்பதால், பதிவுகளை வரைபாக்கும்போது அவ்விடத்தில் தோள்போன்ற ஒரு சரிவு தெரிகிறது. 2007இல் அவர்கள் கண்டது அச்சரிவையே. தனியொரு மினுக்கத்தைக் காட்டி, இது நியூத்திரினோ என்று அங்கு எவராலும் சொல்ல முடியாது.

சம்மாந்துறை இரசாயனவியல்:
கடினமான வேலை அங்கேதான் தொடங்குகிறது. கதிர்த்தொழிற்பாட்டில் வெளிவரும் பீற்றாத் துணிக்கையும் (வேகமான இலத்திரன்) அதே மினுக்கத்தையே தரும். 100 தொன் திரவத்தில் நாளொன்றுக்குப் பதிவாகும் பெரிலியம் நியூத்திரினோக்களோ ஐம்பதுக்கும் குறைவு. ஆகவே திரவத்தைக் காய்ச்சி வடித்து, நைதரசனைச் செலுத்தி, யுரேனியம், தோரியம், கிரிப்தன் ஆகியவற்றின் சுவடுகளையும் அகற்றினார்கள். கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14ஐ மட்டும் அவ்வாறு பிரிக்க இயலாது, ஏனெனில் திரவமே ஐதரோகாபன். அதனால்தான் நெடுங்காலம் நிலத்தடியில் கிடந்து காபன்-14 பெரும்பாலும் அழிந்துபோன பெற்றோலியத்திலிருந்து அதைத் தயாரித்தார்கள். அண்டக் கதிர்களை மறைக்க மேலே 1400 மீற்றர் பாறை வேறு. சில முழம் தோண்டினாலே நீர் ஊறும் எழுவான்கரைக்காரருக்கு (மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையோரத்தாருக்கு) அது கற்பனைக்கும் எட்டாத ஆழந்தான்.

கல்லடி மாணவி:
நன்றி. ஆயினும் வரைபு பொருந்துவது மட்டும் சூரியனுக்கு நேர்ச் சான்றாகுமா?

வந்தாறுமூலை வாசி:
நியாயமான கேள்வி. பூமி சனவரியில் சூரியனுக்கு அண்மையிலும் யூலையில் தொலைவிலும் இருப்பதால், நியூத்திரினோப் பாயம் (வந்துசேரும் அளவு) ஆண்டுக்குள் ஏறத்தாழ 7 சதவீதம் ஏறியிறங்க வேண்டும். பல ஆண்டுப் பதிவுகளில் அவ்வேற்ற இறக்கத்தைப் பொரெக்சினோ கண்டது. திசையும் முற்றாகத் தொலைந்துவிடவில்லை. சிந்திலேற்றரிலும் சிறிதளவு செரன்கோவ் ஒளி எழுகிறது, அதுவும் சற்று முந்தியே எழுகிறது. ஒவ்வொரு மோதலிலும் முதலில் வந்த ஒளித்துணிக்கைகளை மட்டும் எடுத்து, ஆயிரக்கணக்கான மோதல்களை ஒருங்கே கூட்டிப் பார்த்தபோது, அவை சூரியன் இருந்த திசையுடன் தொடர்புபட்டிருந்தன. 2022இல் அம்முடிவை வெளியிட்டார்கள்.