புதுப்பிப்பு: பழைய தேக்குப் பாய்மரப் படகின் சன்னல் வளையங்கள், கிடைத்த வழி

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: கேபின் வட்டச் சன்னல்களின் 6 வெண்கல வளையங்களில் 2 இல்லை, அதே அச்சில் சிங்கப்பூரில் எங்கே தேடலாம்?

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017-இலேயே மூடியாச்சு. பழைய சாமான் கடைகளில் அகப்பட்டதெல்லாம் குரோம் பூசிய துத்தநாக வார்ப்பு, கடலுக்கு ஆகாது. பலித்தது, இருக்கும் வளையத்தையே மாதிரியாக வைத்து மணல் வார்ப்பில் (மணலில் அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி) செய்யச் சொன்ன யோசனை. வெண்கலம் ஆறும்போது சுமார் 1.5% சுருங்கும், 180 மி.மீ. வளையம் 177 சொச்சத்தில் வந்து நிற்கும். அதனால் வெளிவிளிம்பைச் சுற்றி 1.5 மி.மீ. மெழுகு ஒட்டி, துளைகளையும் அடைத்துத்தான் மாதிரியை வார்ப்புப் பட்டறையில் கொடுக்க வேண்டும். உள்விளிம்பை அரத்தால் ராவி, துளைகளைக் கடைசியில் போட்டதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

எதிர்பாராதது: மிச்சமிருந்த 4-இல் ஒன்று வெறும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சுரண்டினால் ரோஸ் நிறத் திட்டுகள். உப்புநீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டு செம்பை மட்டும் விட்டிருக்கிறது. ஸ்க்ரூவை முடுக்கியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. ஆக வார்த்தது 3. ஸ்க்ரூக்களும் சிலிக்கான் வெண்கலம்தான், பழையபடி ஒற்றைக் கோடு போட்ட தலை.